யால்மரி கழற்றாத காலணி

வட பின்லாந்தில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு நான் துணி துவைப்பவள். யால்மரி அதில் தடுப்பாட்டக்காரன், சின்ன வயது. கோல் வலையை நோக்கிச் சீறி வரும் ரப்பர் வட்டை உடம்பைக் கொடுத்துத் தடுப்பதுதான் அவன் பிழைப்பு. அன்று வட்டு கணுக்காலில் அடித்தது. இடைவேளையில் நொண்டிக்கொண்டு வந்தான்.

"காலணியக் கழட்டுப்பா, பாக்கலாம்."

"கழட்டினா வீங்கிரும்க்கா, திரும்ப மாட்ட முடியாது. ஒப்பந்தம் நீட்டுறதா வேண்டாமான்னு இன்னைக்கு ஆட்டத்தப் பாத்துதான் சொல்லுவாங்க."

"அவனுக்கு மரக்கால், விடுங்க," என்று கோல்காப்பாளன் சிரித்தான்.

கடைசிவரை ஆடினான், ஜெயித்தோம். காலணியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது. பயிற்சியாளர் ரன்தலா, "சிங்கம்டா நீ," என்று தோளைத் தட்டினார்.

மறுவாரம் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான். ஏன் என்று ரன்தலாவைக் கேட்டேன்.

"ஒடஞ்ச காலோட எப்படிம்மா ஒப்பந்தம் போடுறது?"

அவரை மன்னிக்க மனம் கொடு என்று ஞாயிறுதோறும் ஆண்டவரிடம் ஜெபிக்கிறேன். இன்னும் வரவில்லை.