குதிரைப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு

என் தலைக்குள் ஒரு பாட்டு புகுந்துவிட்டால் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பஸ்ஸில் யாரோ முணுமுணுத்த ஒரு வரி போதும். மாவாட்டும்போது அது, துணி துவைக்கும்போது அது, கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போதும் வெட்கமில்லாமல் அதேதான். இந்த வியாதியை வைத்துக்கொண்டு ஒரு எலக்‌ஷனையே ஜெயிக்க வைத்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்கள் வார்டில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ரேஷன் கார்டில் மலையாளம், வீட்டுக்குள் கோயமுத்தூர்த் தமிழ். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வயல் நட்டுவிடலாம், குடிக்கத்தான் வழியில்லை. ஊருக்குள் இருந்த கிணறெல்லாம் சப்பைத் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணி வேண்டுமென்றால் ஒன்றரை மைல் நடந்து ஒரு தென்னந்தோப்புக்குப் போக வேண்டும். தோப்புக்காரர் வீடும் அதற்குள்தான். அங்கே மோட்டார் ஓடும்போது தொட்டியில் விழுகிற தண்ணீரை நாங்கள் மொண்டுகொள்ளலாம், தோப்புக்காரர் மனசு வைத்தால். மனசு வைக்காத நாளில் இரும்புக் கேட்டில் பூட்டு தொங்கும். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்க முடியாது. முந்தின நாள் டீக்கடையில் எவனாவது அவரைப் பார்த்து எழுந்து நிற்காமல் இருந்திருப்பான், அவ்வளவுதான் காரணம். பத்துப் பதினைந்து பெண்கள் வெறும் குடத்தோடு திரும்பி நடப்போம். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ரொம்ப வருஷமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்து எலக்‌ஷன் அந்தப் புரட்டாசியில் வந்தது. எங்கள் வார்டில் தோப்புக்காரர் நின்றார். அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். அபேட்சை, அதாவது வேட்புமனு, கொடுக்கக் கடைசி நாள் காலையில் தோப்புக் கேட்டு பூட்டியிருந்தது. என் நங்கைக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்கு, கைக்குழந்தை ஒன்று. அதற்குக் காய்ச்சல், கஞ்சி காய்ச்ச நல்ல தண்ணி ஒரு சொம்புகூட வீட்டில் இல்லை. வெறும் குடத்தைத் தடாலென்று வாசலில் வைத்தவள், "நான் எலக்‌ஷன்ல நிக்கறேன்" என்றாள்.

"நீயா? நின்னு?" என்றார் அண்ணன்.

"நின்னு ஜெயிச்சு ஊருக்குள்ள ஒரு பஞ்சாயத்துக் கெணறு வெட்டறேன். ஏனுங்க, கையெழுத்துப் போட ஆளு வேணுமாமா. கூட்டியாறீங்களா, இல்ல நானே போகட்டுமா?"

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். தோப்புக்காரருக்குக் குதிரைச் சின்னம் கிடைத்தது, எங்களுக்குக் குடம். அன்று மாலையே தோப்பிலிருந்து சேதி வந்தது. "தோத்ததுக்கப்பறம் அந்தக் குடத்தத் தூக்கீட்டு எந்த மொகத்தோட எந்தோப்புக்கு வருவீங்கன்னு பாக்கறேன்" என்றாராம். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். தோற்றால் கேட்டுக்கு நிரந்தரப் பூட்டு என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் பாலக்காட்டிலிருந்து வரவழைத்த ஒரு பாட்டுக்காரர், பக்கத்தில் டோலக்கு. அவர் மைக்கைப் பிடித்து ஒரு வரி பாடுவார்:

"குதிரை வருது குதிரை வருது கும்பிட்டு நில்லுங்க!"

அதோடு நிறுத்திவிடுவார். அந்த ஒரு வரி அளவுக்கு டோலக்கு மட்டும் தனியாகத் துள்ளும். பிறகு அடுத்த வரி:

"அள்ளி அள்ளிக் குடுக்குங் கையி ஐயா கையிங்க!"

மறுபடி டோலக்கு. இதுதான் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். நல்ல குரல், அதை இல்லையென்று சொன்னால் பாவம். மெட்டு இருக்கிறதே, அது பாட்டா, பிசாசா! கேட்ட ரெண்டாவது நாள் நான் தோசைக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டு 'குதிரை வருது' என்று பாடியிருக்கிறேன். அண்ணன் வந்து தோசைக்கரண்டியைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அதே கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போனார், அதே தாளம்! எங்கள் பக்கத்து ஆட்கள் நோட்டீஸ் ஒட்டும்போது அதையே முணுமுணுத்தார்கள். பசை தடவுவது குடத்துக்கு, பாடுவது குதிரைக்கு.

இதெல்லாம் போகட்டும். எங்கள் ஸ்தானார்த்தி, வேட்பாளர் நங்கையே பாடிவிட்டாள். ஒரு வீட்டில் வோட்டுக் கேட்கப் போயிருந்தோம். வீட்டுக்கார அம்மா மோர் கொண்டுவர உள்ளே போனாள். நங்கை வாசலில் நின்றுகொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "குதிரை வருது குதிரை வருது" என்று ஆரம்பித்தாள். நான் முழங்கையால் இடிப்பதற்குள் அந்த அம்மா மோர்ச் சொம்போடு வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்கம்மிணி, நீங்க ஆருக்கு வோட்டுக் கேக்க வந்தீங்க?"

மத்தியானத்துக்குள் சேதி டீக்கடைக்குப் போய்விட்டது. "அப்பறமென்ன, அந்தம்மா வோட்டும் எனக்குத்தான்" என்று தோப்புக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தாராம். நங்கை வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்து அழுதாள். அழுகையிலும் கோபம்தான் அதிகம்.

"அந்தாளு பாட்ட எவ்வாயிலயே வெச்சுப்போட்டானே அம்மிணி. நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் வோட்டுக் கேப்பேன்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. நாமும் ஒரு பாட்டுக் கட்டினால் என்ன என்று நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். மூன்று நாள் மண்டையை உடைத்து ஒரு குடப் பாட்டு எழுதினேன். பொருள் பிரமாதம். பாடினால் இழவு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்துப் பாட வைத்தேன். ஒருமுறை பாடினார்கள், மிட்டாயை வாயில் போட்டார்கள், தெருமுனை திரும்பும்போதே குதிரைக்கு மாறிவிட்டார்கள். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் எங்கள் வயலில் ரெண்டாம் போக நடவு. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். எங்கள் பக்கம் நடவு என்றால் பாட்டில்லாமல் கிடையாது. வரிசையில் முதலில் நிற்கிற பெண் முன்பாட்டு எடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் போடுவார்கள். முன்பாட்டில் நாற்றுப் பிரியும், பின்பாட்டில் நாற்று மண்ணுக்குள் போகும். பாட்டு அறுந்தால் கையும் அறுந்துவிடும். அன்றைக்கு முன்பாட்டு எடுத்த அக்கா, ஊரிலேயே வாய்த்துடுக்குக்குப் பேர் போனவள். தொட்டித் தண்ணிக்கு எங்களோடு குடம் தூக்கி நடக்கிறவளும்தான்.

அப்போது பார்த்து வாய்க்கால் மேட்டில் ஜீப் வந்தது. "குதிரை வருது குதிரை வருது கும்பிட்டு நில்லுங்க!" டோலக்கு துள்ளியது. எங்கள் வரிசையிலிருந்து பன்னிரண்டு பெண்களும் குனிந்தபடியே ஒரே குரலில், "ஆமாங்க ஆமாங்க ஆமாங்க!" என்றார்கள். நாற்று சரசரவென்று மண்ணில் இறங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த நாற்றுமுடியை அப்படியே சேற்றில் அடித்தேன்.

"ஏனக்கா! குடத்துக்கு வோட்டுன்னு சத்தியம் பண்ணிப்போட்டு அந்தாளுக்கு ஆமாம் போடறீங்களே! வெக்கமா இல்லீங்களா?"

அக்கா நிமிர்ந்தாள். அவளுக்கும் கோபம். "நாங்க என்னத்தப் பண்றதுங்கம்மிணி? ஒருத்தரு முன்பாட்டு எடுத்தா பின்பாட்டுப் போட்டுத்தான ஆகோணும். உட்டா கை நின்னு போகுமில்ல! இத்தன பேசறீங்களே, படிச்சவங்கதான? நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க, அதப் போடறோம்!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று நாள் நோட்டைக் கட்டிக்கொண்டு அழுத எனக்கு இது தோன்றவில்லையே! அந்தாள் பாதிப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார். மீதிப் பாதி காலியாகக் கிடக்கிறது. மெட்டும் அவருடையது, டோலக்கும் அவருடையது, ஜீப்புக்கு ஊற்றுகிற பெட்ரோலும் அவருடையது. நாம் வாயைத் திறந்தால் போதும்.

வாய்க்கால் முனையில் ஜீப் திரும்பி வருவதற்குள் எனக்கு வரி வந்துவிட்டது. "குதிரை வருது குதிரை வருது கும்பிட்டு நில்லுங்க!" என்று ஸ்பீக்கர் அலறியது. டோலக்கு ஆரம்பித்ததும் நான் தொண்டை கிழியக் கத்தினேன்:

"கொடத்தத் தூக்கி நிக்கறோமுங்க கேட்டத் தொறங்க!"

வரிசையில் சிரிப்பு வெடித்தது பாருங்கள், ரெண்டு பேர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜீப்பில் அடுத்த வரி வந்துவிட்டது. "அள்ளி அள்ளிக் குடுக்குங் கையி ஐயா கையிங்க!" எனக்கு அதற்கு வரி இல்லை. திணறினேன். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஜீப்பைப் பார்த்தே எடுத்துவிட்டாள்:

"அந்தக் கையில் தொங்கறதென்ன? பூட்டுச் சாவிங்க!"

ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்த வரி அதுதான். அது என்னுடையது இல்லை, அக்காவுடையது. எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

நடவுக்காலம் ஆனதால் அந்தப் பெண்கள் தினம் ஒரு வயலுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் பாட்டும் போனது. நாலே நாளில் ஜீப் எந்த மேட்டில் ஏறினாலும் வயலுக்குள்ளிருந்து பதில் வந்தது. அப்புறம் டீக்கடையிலிருந்து, அப்புறம் பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினார்கள். டோலக்குக்காரருக்கும் குஷி வந்து, எங்கள் முறை வரும்போது இன்னும் ஓங்கி அடித்தார். பாட்டுக்காரர் டீக்கடையில் அண்ணனைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு, "எண்டெ சேட்டா, நான் பாடறது எனக்கு மறந்து போச்சு. உறக்கத்துலயும் உங்க வரிதான் வருது" என்றாராம்.

தோப்புக்காரர் பாட்டை நிறுத்தச் சொன்னார். ஜீப் வெறும் பேச்சோடு வந்தது. யாருக்கு வேண்டும் பேச்சு? ஜீப்பைப் பார்த்ததுமே பிள்ளைகள் முன்பாட்டையும் தாங்களே எடுத்து, பின்பாட்டையும் தாங்களே போட்டார்கள். புதிதாக ஒரு பாட்டுக் கட்டி அனுப்பினார், அது எங்கள் குடப் பாட்டை விட மோசம். கடைசி ரெண்டு நாள் ஜீப் தோப்பை விட்டு வெளியே வரவே இல்லை. நங்கை வோட்டுக் கேட்கப் போனால் வாசலில் நின்றவர்கள், "குதிரை வருது" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அவள் கணீரென்று பதில் பாடினாள். மோர்ச் சொம்போடு வந்தாளே, அந்த அம்மா வீட்டுக்கும் போய்ப் பாடிவிட்டுத்தான் வந்தாள்.

ஜெயித்தோம்! எத்தனை வோட்டில் என்று கேட்காதீர்கள், ஒரு வோட்டில் ஜெயித்தாலும் ஜெயித்ததுதான். பள்ளிக்கூடத்து வாசலில் முடிவைச் சொன்னதும் நடவுக்கார அக்கா என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நங்கை சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. அண்ணன் மட்டும் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்த்துவிட்டேன்.

பஞ்சாயத்துக் கிணறு அடுத்த கோடையில் வெட்டினோம். நல்ல தண்ணிதான். ஆனால் அதுவரைக்கும் குடிக்க வேண்டுமே? ஜெயித்த மறுநாள் காலையில் மெம்பரம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். போக வேண்டாம் என்று அண்ணன் தடுத்தார். "மெம்பரானா தாகம் எடுக்காதாக்கும்?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். பின்னாலேயே நான், அக்கா, இன்னும் பத்துப் பேர். தோற்ற மனுஷன் கேட்டைப் பூட்டியிருப்பார், நாயை அவிழ்த்து விட்டிருப்பார் என்றுதான் எல்லோர் மனதிலும்.

கேட்டு விரியத் திறந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வழிய, பக்கத்தில் தோப்புக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில், வோட்டுப் போட வந்ததைத் தவிர, அந்த அம்மாவை வீட்டுக்கு வெளியே நாங்கள் பார்த்ததே இல்லை. முந்தானையில் சாவிக்கொத்து.

"வாங்க மெம்பரம்மா. மொண்டுக்குங்க."

"ஐயா…?" என்று இழுத்தாள் நங்கை.

"கட்டல்ல படுத்திருக்காரு. நேத்திருந்து வாயத் தொறக்கல." அந்த அம்மா முந்தானையிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். "அவரு கேட்டப் பூட்டற அன்னிக்கெல்லாம் நீங்க வெளிய நின்னீங்க, நான் உள்ள நின்னேன், அவ்வளவுதானுங்கம்மிணி. உங்க பாட்டு எஞ்சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது. நானும் எம்மருமவளும் கொடத்துலதான் குத்துனோம்."

நங்கை குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவே, அந்த வாய்த்துடுக்கே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொட்டியில் குடத்தை முக்கினாள், மற்றவர்களும் மொள்ள ஆரம்பித்தோம்.

"என்ன, எல்லாரும் ஊமையாட்ட மொண்டுட்டிருக்கறீங்க?" என்றார் அந்த அம்மா. "அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். பாடுங்க."

நாங்கள் தயங்கினோம். அவரே தொட்டியின் சிமெண்டுச் சுவரில் சாவிக்கொத்தால் தாளம் தட்டி, குதிரைப் பாட்டின் முதல் வரியை எடுத்தார். பதின்மூன்று பேரும் தோப்பே அதிரப் பதில் பாடினோம்.