புது வெர்ஷன் கொண்டுவந்தவர்

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளை இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். ஒல்லியான ஆள். தோளில் ஃப்ளாப்பிகள் நிறைந்த ரெக்ஸின் பை. புது வெர்ஷன் வந்தால் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்று அறிவிப்பார். எது சரியாயிற்று என்பதற்கு முன்னால், எது இன்னும் சரியாகவில்லை என்பதைத்தான் சொல்வார்.

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம், சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் பக்கத்து சீட்டில் அவர்.

"இன்னாய்யா இது?" என்றார் அவர் பையைத் திறந்து பார்த்த போலீஸ்காரர்.

"கம்ப்யூட்டர் புரோக்ராம் சார். யார் கேட்டாலும் சும்மா குடுப்பேன்."

"சும்மாவா? உனக்கு இன்னா கெடைக்குது?"

"ஒண்ணும் இல்ல சார்."

அந்தப் பதில்தான் அவரை மாட்டிவிட்டது. விற்கிறேன் என்றிருந்தால் விட்டிருப்பார்கள். ஒரு ஃப்ளாப்பியின் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த கறுப்புத் தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு பையோடு அவரை இறக்கினார்கள்.

இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "பழைய வெர்ஷன்ல ஓ.டி. கணக்கு தப்பா வருது. யாரும் அதுல சம்பளம் போட வேணாம்னு சொல்லிடுங்க."

தெரிந்த கம்பெனிகளில் எல்லாம் சொன்னேன். பிறகு அவரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஆள் பேர் இன்னா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை. வெர்ஷன் நம்பரைத் தவிர அவர் எந்த ஃப்ளாப்பியிலும் எதையும் எழுதியதில்லை.