ஏழு மாதக் கூறைப் புடவை

போன மாதம் மகள் என்னை ஒரு தேசியப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு மலைக்கு நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி நடைபாதை. பாதை நெடுகக் கம்பிக் கைப்பிடி, வழுக்குகிற இடத்தில் மரப்படி, நாலு எட்டுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை. ஒரு வளைவில் சிவந்த மண்சுவர் இரண்டு பக்கமும் எழும்பி, ஈர மண் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. என் இரண்டு கையும் தானாகப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டன. பிடித்ததுதான் தாமதம், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வயிறு வலிக்குதாம்மா?" என்று மகள் பதறினாள். வலியா! அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள். உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் செல்லிப்பட்டு, அன்றைக்குப் பிரெஞ்சுக்காரன் சீமை. ஆற்றோடு மேற்கே நடந்தால், ஆறு ஒரு மேட்டை அறுத்துக்கொண்டு வரும் இடம் வரும். மூன்று ஆள் உயரம்தான் இருக்கும். எனக்குப் பதினாலு வயது என்பதால் அது வானத்தை முட்டியது. செம்மண் சுவரில் அங்கங்கே கல்லாகிப்போன மரத்துண்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். அந்தச் சந்தின் பாதியில் பிரெஞ்சு ராஜ்ஜியம் முடிந்து இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியம் தொடங்கிவிடும். கோடு எங்கே என்று ஆற்றுக்கும் தெரியாது, மேய்கிற ஆட்டுக்கும் தெரியாது. சுங்கச் சிப்பாய்க்கு மட்டும் தெரியும்.

புதுச்சேரியில் கப்பலில் வந்து இறங்கிய துணி மலிவு. மடிப்புக் கலையாமல் கோட்டைத் தாண்டினால் பறிமுதல் செய்துவிடுவார்கள். உடம்பில் உடுத்தியிருந்தால் யார் உரிக்க முடியும்? அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் மேற்கே விருந்துக்குப் போகும்போது பூசினாற்போலப் போவார்கள், திரும்பும்போது இளைத்து வருவார்கள்.

என் அக்கா அஞ்சலைக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை. கல்யாணமும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரிக்கு வந்து, அரக்குச் சிவப்பில் அகல ஜரிகை போட்ட சீமைப்பட்டில் கூறைப் புடவை எடுத்தார்கள். எடுத்தவர்கள் கொண்டுபோக வேண்டாமா? "நீங்க வரப்ப எடுத்துக்கினு வந்துடுங்க" என்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடையைக் கட்டினார்கள். கெட்டிக்காரர்கள். கூறை பிடிபட்டால் முகூர்த்தம் நின்றுபோகும். மாப்பிள்ளையின் அம்மா வேறு, பிரெஞ்சூர்ப் பெண் தோதுப்படுமா என்று முதலிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தவள். அக்காவோ மாப்பிள்ளையை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு, அன்றுமுதல் குழம்பில் உப்பில்லாததுகூடத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கூறையை வேறு யாரும் உடுத்தக் கூடாது. கல்யாணப் பெண்ணும் முகூர்த்தத்துக்கு முன்னால் உடுத்தக் கூடாது. என்ன செய்வது? தனக்கோட்டி அத்தை, அப்பாவின் அக்கா, தீர்ப்புச் சொன்னாள்: "கட்னாத்தான் குத்தம். முடி போடாம சும்மா சுத்திக்கினா இன்னா குத்தம்?"

முடிச்சில்லை, சொருகலில்லை. அக்காவின் இடுப்பில் கூறையைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மேலே பழம்புடவையைக் கட்டி, வெறுங்கழுத்து தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். என் மேல் ஜப்பான் பட்டு மூன்று. அப்பா பாத்திர பண்டங்களோடு மாட்டு வண்டியில் சாலை வழியே போய்விட்டார். ஆற்று வழியே நாங்கள் மூவர்.

முடி போடாத பட்டு நிற்குமா? சந்துக்குள் நுழைந்ததுமே நழுவத் தொடங்கிவிட்டது. அக்கா இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அன்னநடை நடந்தாள். எனக்கோ வேர்வையில் தெப்பமாக நனைந்தும் ஒரே கும்மாளம். சேற்றில் சறுக்குவேன், சிரிப்பேன், அத்தையிடம் திட்டு வாங்குவேன், அதற்கும் சிரிப்பேன்.

வளைவில் கல்மரத்தின் மேல் உட்கார்ந்து சுங்கச் சிப்பாய் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எங்க போறீங்க?"

"சொந்தக்காரங்க வூட்டுக்கு" என்றாள் அத்தை.

அவர் பார்வை அக்காவின் கைகளில் இறங்கி நின்றது. "எத்தினி மாசம்?"

அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஏழு."

விடிந்தால் கல்யாணம்! நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அத்தை என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். நடுவில் மூன்று பட்டு இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"புள்ளத்தாச்சிய இந்த வழியிலயா இட்டாருவ? அறிவிருக்குதா ஒனக்கு?" என்று அவர் அத்தையைப் பிடிபிடியென்று பிடித்தார். தன் தடியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்து முள்ளை ஒதுக்கிக்கொண்டே போனார். அதே நேரம் அக்காவின் பழம்புடவைக்குக் கீழே நாலு விரல் ஜரிகை எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் ஆவியாகிவிட்டது. கரையேறும் வரை அவர் திரும்பவேயில்லை. திரும்பியபோது நான் அக்காவின் காலடியில் முள் எடுப்பவள்போலக் குந்தியிருந்தேன். "அக்காவுக்குக் குடு" என்று ஒரு பிடி கடலையை என் கையில் வைத்தார்.

மறுநாள் தாலி ஏறிவிட்டது. அட்சதை போட வரிசையில் வருவது யார்? அதே மனுஷன். சுங்கச் சாவடி அந்த ஊரில்தானே, அழைக்காமல் இருப்பார்களா? அக்காவின் முகம் வெளுத்தது. மாமியார்க்காரி பக்கத்திலேயே நிற்கிறாள். சிப்பாய் வாயைத் திறந்தால் கூறையும் போச்சு, மானமும் போச்சு.

அவர் கூறையைப் பார்த்தார். அக்காவின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். அட்சதையைப் போட்டுவிட்டு அத்தையிடம் நிதானமாகக் கேட்டார்: "தாயும் கொழந்தையும் சொகந்தானே?"

"ஒங்க புண்ணியத்துல சொகம்" என்றாள் அத்தை.

"யாருக்குக் கொழந்த?" என்றாள் மாமியார்.

"எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு."

"ஜரிகையோட பொறந்துருக்குது" என்று முணுமுணுத்துவிட்டு அவர் பந்திக்குப் போனார். மணையில் உட்கார்ந்திருந்த அக்கா மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கல்யாணப் பெண் இப்படியா சிரிப்பாள் என்று ஊரே பேசியது. அப்புறம் அவளுடைய வளைகாப்புக்கெல்லாம் நான் போய் எதிரில் நின்றால் போதும், அடக்க முடியாமல் கிடந்து சிரிப்பாள்.

அந்தச் செம்மண் சுவரைச் செங்கல்லுக்கு வெட்டியே தரைமட்டமாக்கிவிட்டார்கள். கோடும் போயிற்று, சாவடியும் போயிற்று. இன்றைக்குப் பேருந்தில் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுபோனாலும் ஏனென்று கேட்பாரில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவும் போய்விட்டாள். அந்தக் கூறையைத்தான் கடைசியில் அவளுக்குச் சுற்றினோம். முடி போடவில்லை.

"வயிறு வலிக்குதாம்மா?" என்று மகள் மறுபடி கேட்டாள்.

"இல்லடி. ஏழு மாசம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்குச் சிரிக்க எனக்கு ஒருத்திதான் இருந்தாள்.