பூரான் கடிக்கு எத்தனை மார்க்?

1. செருப்புக்குத் தப்பியவை

ஆராய்ச்சிக்கூட டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையின் கடைசி இரண்டு வருடம் செஞ்சியில் பூரான் பிடித்தேன். அதன் விஷத்தை ஆராய்வதும், கடிபட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்று பதிவதும் எங்கள் திட்டம்.

முதல் நாள் கடைத்தெருவில் மளிகைக்கடை தனபாலிடம், பூரான் கிடைத்தால் உயிரோடு கொடுக்கச் சொன்னேன். சாயங்காலம் மூன்று கொடுத்தார். மூன்றும் செருப்படியில் அப்பளமாகியிருந்தன.

“உயிரோட கேட்டேனே?”

“உசுரோட வுட்டா அது எங்கள வுடுமா மேடம்?”

அதற்குப் பிறகு நானே நீளமான இடுக்கியோடு ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில் கல் புரட்டினேன். பூரான் வாலால் கொட்டுவதில்லை. தலைக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடிக் கால்தான் விஷக்கொடுக்கு. அதனால் தலைக்குப் பின்னால்தான் பிடிக்க வேண்டும். லேசாகக் கரண்ட் வைத்தால் கொடுக்கு நுனியில் ஒரு சொட்டு வரும். அதுவும் கண்ணாடி போட்டால்தான் தெரியும். ஊரில் எனக்குப் ‘பூரான் மேடம்’ என்று பெயர் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

2. கடைசிக் கட்டம்

யாரையாவது பூரான் கடித்ததாகத் தகவல் வந்தால் ஃபாரத்தோடு ஓட வேண்டும். ஃபாரத்தின் கடைசிக் கட்டத்தில் வலிக்கு மார்க், பத்துக்கு எத்தனை என்று. “கடிபட்டவங்க வாயால வர்ற நம்பர்தான். இது தப்பானா மொத்த ஃபாரமும் குப்பை” என்று எங்கள் பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் செஞ்சியில் யார் நம்பர் சொல்கிறார்கள்? “உசுரு போயி உசுரு வந்துச்சு” என்பார்கள். அது ஆறா, ஒன்பதா? நானே முகத்தைப் பார்த்து மார்க் போட ஆரம்பித்தேன்.

தனபாலைச் சுண்டுவிரல் நீளப் பூரான் கடித்தபோது அவர் போட்ட சத்தத்தில் கடைத்தெருவே கூடிவிட்டது. ஒன்பது போட்டேன். பக்கத்துக் கிராமமான தளவானூரில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலையை இன்னொன்று கடித்தது. நான் போனபோது வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையால் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“வலி எப்படி இருக்குதுக்கா?”

“இருக்குது.”

இரண்டு போட்டேன். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைக்கச் சொன்னேன். “பயப்பட ஒண்ணுமில்ல” என்று வழக்கமான பிரசங்கத்தையும் முடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

3. என் முறை

ஒரு நாள் தனபால் போன் செய்தார். “குடோன்ல பெரிய ஐட்டம் மேடம். அடிக்கல, சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கேன்.”

ஒரு வருடப் பிரசங்கத்துக்குக் கிடைத்த பலன்! சந்தோஷத்தில் அவசரப்பட்டுவிட்டேன். சாக்கைத் தூக்கியதும் இடுக்கி வால் பக்கம் விழுந்தது. அது சட்டென்று வளைந்து வந்து என் வலது கட்டைவிரலில் கொடுக்கை இறக்கியது.

விரலை அம்மியில் வைத்து மிளகாயோடு அரைத்தது போல இருந்தது. சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் யாரிடமெல்லாம் பிரசங்கம் செய்தேனோ, அவர்கள்தான் அங்கே நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பூரானை டப்பாவில் போட்டு மூடினேன். டீக்கடையிலிருந்து வெந்நீர் வந்தது. வலது கை அதற்குள் இருந்ததால் ஃபாரத்தைத் தனபாலை நிரப்பச் சொன்னேன்.

ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்து எழுதினார். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதையோ எழுதி மூடினார்.

“இன்னா எழுதினீங்க?”

“ரெண்டு.”

“என்னைக் கேக்கவே இல்லையே!”

“என்னைக் கடிச்சப்ப நீங்க கேட்டீங்களா? சிரிச்சிக்கினு தானே இருக்கீங்க.”

“ஒம்பது போடுய்யா!” என்று நான் கத்தியது கோட்டை வரை கேட்டிருக்கும். கத்தி முடித்ததும் அஞ்சலை ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

4. பத்துக்கு மேல

மறுநாள் வீங்கிய விரலோடு தளவானூர் போனேன். அஞ்சலை என் விரலைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகுதான் உட்காரச் சொன்னார்.

“அன்னிக்கு எவ்ளோ வலிச்சுதுக்கா? பத்துக்குச் சொல்லு.”

“பத்துக்கு மேல கெடையாதா?”

“அப்புறம் ஏன் கத்தலை?”

“கத்தினா கூட இருக்கறவளுங்க எல்லாம் பயந்து வரப்புல ஏறிடுவாளுங்க. களை யாரு எடுக்கறது? நீ எப்டி இருக்குதுன்னே, இருக்குதுன்னேன். எவ்ளோன்னு நீ கேக்கவே இல்லியேம்மா.”

அங்கிருந்தே பேராசிரியருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“முகத்தைப் பார்த்துப் போட்டது எத்தனை?”

“என்னோடத விட்டா, பதினேழும் சார். இப்பப் போய் கேட்டு மாத்தட்டுமா?”

“மாசக்கணக்கு ஆன வலிக்கு இப்ப மார்க் வாங்க முடியாதும்மா. அடிச்சிடுங்க.”

ஒரு வருட உழைப்பு. ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டேன். அஞ்சலையின் ஃபாரத்தில் போடும்போது அழுதுவிட்டேன். ஃபாரக் கட்டுக்குள் மிஞ்சியது ஒன்றே ஒன்று: தனபால் கையெழுத்தில், இரண்டை அடித்து ஒன்பது போட்ட என்னுடைய ஃபாரம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, எவ்வளவு வலி என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனா மூடியைத் திறக்காதீர்கள். அப்புறம், பூரானை வால் பக்கம் பிடிக்காதீர்கள். அது வளைந்து வந்து கேட்கும், பத்துக்கு எத்தனை என்று.