கையை நிறுத்தும் வார்த்தை

மர அறுவை மில்லில் அவரை ‘ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரம்பம் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினால்கூடக் கேட்காது. இவர் குரல் மட்டும் தெருமுனை டீக்கடை வரை போகும். போவது நல்ல வார்த்தையாக இருந்தால் பரவாயில்லை. அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. கேட்பவனின் தாயையும் சேர்த்துத் தெருவுக்கு இழுக்கிற வார்த்தை.

அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேஸ்திரியின் கை ரம்பத்துப் பக்கம் நழுவுவதைப் பார்த்து, “அண்ணே, பாத்து” என்று மரியாதையாகச் சொன்னார். அந்தச் சத்தத்தில் மரியாதை யார் காதில் விழுகிறது? விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவரிடம் மேஸ்திரி, “திட்டியிருந்தா கையை எடுத்திருப்பேன்டா” என்றார். அன்றிலிருந்து யார் கை தப்பான இடத்துக்குப் போனாலும் அந்த வார்த்தைதான். முதலாளி கையானாலும் விதிவிலக்கு கிடையாது. திட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையைத் தடவிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று மனைவி கண்டித்து வைத்திருந்தாள். கண்டித்து என்ன பயன்? மகள் மில்லுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவள். காதைப் பொத்திக்கொண்டா வருவாள்?

அவளுக்குப் பள்ளியில் அது கடைசி வருஷம். நன்றாகப் படித்தாள். அந்தக் குடும்பத்தில் மேற்கொண்டு படிக்கப்போகிற முதல் ஆள். ஸ்பீக்கரின் உயிரே அதில்தான் இருந்தது. ஒரு நாள் அவள் கீழ் வகுப்பு வராந்தா வழியாகப் போகும்போது, கணக்கு வாத்தியார் ஒரு சின்னப் பெண்ணைச் சுவரோரம் நிறுத்தி வைத்து, காதோடு சேர்த்து அறைந்துகொண்டிருந்தார். “சார், வேணாம் சார்” என்று சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பவே இல்லை. அப்பாவின் வார்த்தையை எடுத்து உரக்க வீசினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவை அழைத்துவந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பள்ளியிலிருந்து நீக்கம்.

மனைவியின் தம்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. குமாஸ்தா என்றால் முக்கால் வக்கீல் என்பது அவன் நினைப்பு. ஸ்பீக்கர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“கேஸ் போட்டா நிக்குமாடா?”

“பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்கு மாமா. ரோட்டுல அது முழுசா இருக்கும். பள்ளிக்கூட கேட்டுக்குள்ள போனா கொஞ்சம் சுருங்கிடும். வாத்தியார் அடிக்கிறார்னு சொன்னா அது கருத்து. கெட்ட வார்த்தை சொன்னா ஒழுங்கீனம்னு முடிச்சிடுவாங்க.”

“அப்ப அடிக்கிறது எதுல வருது மாமா?” என்று கேட்டாள் மகள்.

“அது வேற கேஸ்மா.”

“நான் சொன்னதும் அதே கேஸ்தான்.”

குமாஸ்தா ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். “ஜெயிக்கலாம், தோக்கலாம். எதுவானாலும் முடியறதுக்குள்ள பரீட்சை போயிடும்” என்றான். ஸ்பீக்கருக்கு அது போதுமாக இருந்தது. உரிமை எங்கேயும் ஓடிப் போகாது, பரீட்சை போய்விடும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

தலைமையாசிரியை அறையில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. “அந்த மாதிரி”, “அப்படிப்பட்ட” என்று சுற்றி வளைத்தார்கள். கணக்கு வாத்தியார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ அறை வாங்கியவரே அவர்தான் என்பதுபோல.

“இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டா?” என்றார் தலைமையாசிரியை.

“என்கிட்டதான்மா. வாய் தவறி வந்துடுச்சு. மன்னிச்சிடுங்க.”

“தவறி வரலப்பா” என்றாள் மகள். “அதைச் சொன்னாதான் நிறுத்துவார்னு சொன்னேன். நீங்க சொல்றதில்லையா?”

ஸ்பீக்கருக்கு ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. குறைந்தபட்சம் அந்தச் சின்னப் பெண்ணின் காது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. மில்லையே அதிர வைக்கிற மனுஷன், ஒரு மேஜைக்கு முன்னால் பயந்துபோனார். மகளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

“மில்லு வேற, பள்ளிக்கூடம் வேற. மன்னிப்புக் கேளு. எனக்காகக் கேளும்மா.”

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு அவள் மன்னிப்புக் கேட்டாள். இனி தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருக்க வேண்டும் என எச்சரித்து வகுப்புக்கு அனுப்பினார்கள். வெளியே வந்தபோது ஸ்பீக்கருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மகள் அதன் பிறகு வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி கதவருகிலேயே விஷயத்தைச் சொன்னாள். அதே வாத்தியார், அதே சின்னப் பெண். காதில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இடது பக்கம் இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மகள் உள்ளே மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். நனைந்த சட்டையோடு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“நீ அங்க இருந்தியா?”

“இருந்தேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன்ப்பா.”

“என்ன பண்ணின?”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“பேசாம நின்னேன். உங்களுக்காக.”