எந்தக் கட்டையிலும் இல்லாத சுருதி

வெயிலில் காய்ந்த பெட்டறிக்கு ஒரு மணம் உண்டு. துருவும் சூடேறிய தகரமும் கலந்த அந்த மணம் எங்கிருந்தாவது வந்தால், இன்றைக்கும் என் கை தானாக மடியில் கிற்றாரைத் தேடும், அடுத்த கணமே கோபம் வரும். சுனாமி எங்கள் கடற்கரை வீட்டைத் துடைத்துக்கொண்டு போனபின், மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்களுக்குத் தந்த தகரக் கொட்டிலில் மின்சாரம் இல்லை. கசற் போடும் சின்னப் பெட்டிக்கு நாலு பெட்டறி வேண்டும். அவை இறங்கிப்போனால் கூரைத் தகரத்தில் வரிசையாக வைத்து நாள் முழுக்கக் காயவிட்டு, "உசிர் வந்திட்டு" என்று அண்ணன் சொல்லும்போது எடுத்துப் போடுவோம்.

நாங்கள் பறங்கியர், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்தவர்கள். ஊரார் தச்சுவேலைக்குப் பப்பாவையும், கலியாண வீட்டில் ஆடும் பைலாப் பாட்டுக்கு அவருடைய கிற்றாரையும் தேடி வருவார்கள். அண்ணன் ரெக்ஸுக்கும் எனக்கும் பைலா அலுத்துவிட்டது. அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோன உறவுக்காரர் விட்டுப்போன ஒரு கசற்றில் பழைய சோல் பாட்டுகள் இருந்தன. அமெரிக்கக் கறுப்பு மக்கள் தேவாலயத்தில் பாடிப் பழகிய தொண்டையால் காதலையும் கஷ்டத்தையும் பாடிய பாட்டுகள். ஆங்கிலம் பாதிதான் விளங்கும். அந்தக் குரல் முழுதாக விளங்கும். அந்தக் கசற்றும் ஒரு கிற்றாரும் டவுனில் பப்பாவின் பட்டறையில் கிடந்ததால் தப்பின, வீட்டிலிருந்த என் கிற்றாரைக் கடல் கொண்டுபோயிற்று.

இருவருக்கு ஒரு கிற்றார் என்றானபோது அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். அவன் கிற்றாரை மடியில் வைத்து, இடக்கையால் கம்பிகளை அழுத்தி, வலக்கைப் பெருவிரலால் தடித்த மூன்று கம்பிகளிலும் பேஸைப் போடுவான். நான் அவனுடைய வலது தோளோடு ஒட்டி உட்கார்ந்து, மெல்லிய மூன்று கம்பிகளிலும் பாட்டின் மெட்டைக் கிள்ளுவேன். பாடகியையும் பின்னால் பாடும் கூட்டத்தையும் ட்ரம்மையும் ஆறே ஆறு கம்பிக்குள் அடைக்க வேண்டும் என்பதால் ஒரு வரிக்கு ஒரு கிழமை போகும். பெட்டறியை மிச்சம் பிடிக்க நாடாவைப் பென்சிலால் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்பக் கேட்டோம்.

சண்டை சுருதியில் வந்தது. கசற்றைக் கேட்டுத்தான் கம்பிகளை முறுக்கிவைத்திருந்தோம். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் தேவாலயத்து ஓகன் வாத்தியத்தில் அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்தேன், எங்கள் சுருதி எந்தக் கட்டையிலும் இல்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் கிடந்தது. காய்ந்த பெட்டறியில் பெட்டி மெதுவாக ஓட, சுருதியும் கூடவே இறங்க, நாங்கள் இரண்டு வருடமாகக் களைத்துப்போன பாட்டைப் பழகியிருக்கிறோம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணன் சிரித்தான்.

"அது சுனாமித் தண்ணிக்க கிடந்த ஓகன்கா. அதக் கேட்டா நாம சுருதி பிடிக்கிற?"

எனக்குப் பதின்மூன்று வயது, சிரித்தால் பொறுக்காது. கிற்றாரைப் பறித்து, நான் சொன்னதே சரியென்று காட்ட, முதலாம் கம்பியை முறுக்கினேன். உப்புக்காற்றில் துருவேறியிருந்த கம்பி அறுந்து என் கையைக் கீறிற்று.

"சும்மா இரி புள்ள, அழாத. டவுனுக்குப் போய் ஒரு கம்பி வாங்கிட்டு வாறன். மறுகா பாப்பம், ஆர் சரியெண்டு."

மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு. கிழக்கில் யுத்தம் இறுகிய காலம் அது. வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவுப் பக்கமிருந்து ஷெல் சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் பட்டப்பகலில் பொடியன்மார் காணாமல் போவார்கள். தெரிந்தும் போகவிட்டேன். பின்னேரம் அவனுடைய சைக்கிளைத் தேத்தண்ணிக் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்தார். வான் வண்டியில் வந்தவர்கள் பெயரைக் கேட்டு, அவன் சொன்னதும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். சைக்கிளின் பின் கரியலில் ஒரு கடதாசி உறைக்குள் புதுக் கம்பி இருந்தது.

பப்பா ஏறாத முகாம் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் "எதுக்குப் போனவர்?" என்று கேட்டார்கள், "கிற்றார் கம்பிக்கு" என்றதும் நம்பாமல் பார்த்தார்கள். செட்டிபாளையத்தில் சுனாமிக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த அன்ரி ஆறுதல் சொல்ல வந்து, "அவனையும் கடல் எடுத்திட்டெண்டு நினைச்சிக்கங்க" என்றா. அவ நல்ல மனுசி, ஆனால் அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடல் பெயர் கேட்டு ஆள் பிடிக்காது. அண்ணனைப் பெயர் கேட்டுக் கொண்டுபோனார்கள், கொண்டுபோனவர்களுக்கும் பெயர் இருக்கிறது.

அந்தக் கம்பியை நான்தான் பூட்டினேன், பழைய சுருதிக்கே முறுக்கினேன். அவனுடைய பாகத்தையும் பழகத் தொடங்கினேன். பெருவிரல் சொல்வழி கேட்கவில்லை. மெட்டு ஓடினால் அதுவும் கூட ஓடும், அதைப் பிடித்து நிறுத்தினால் மெட்டு நின்றுவிடும். கோபத்தில் கிற்றாரின் வயிற்றில் அறைந்திருக்கிறேன். யுத்தம் முடிந்ததென்று தெருவில் வெடி கொளுத்திய அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பாட்டைத் தனியாக, தடக்காமல் வாசித்து முடித்தேன். எங்கள் வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை.

இப்போது கொட்டில்கள் இல்லை, அந்த இடத்தில் காப்பட் போட்ட தார் றோட்டும் விடுதிகளும் இருக்கின்றன. கசற்றும் இல்லை, அதே பாட்டைப் போன வருடம் ஒருவர் போனில் போட்டுக் காட்டினார். சுருதி மேலே இருந்தது. நான் சொன்னதுதான் சரி. சண்டையில் வென்றுவிட்டேன், சொல்லிக்காட்ட ஆளில்லை.

அந்த விடுதிகளில் ஒன்றில் நான் வாசித்தால், "அக்கா, ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்று வெளியூர்ப் பிள்ளைகள் மெச்சுகிறார்கள். இரண்டு பேர் வாசித்த பாட்டுத்தான். சிலர் சுருதி காட்டும் செயலியைப் போட்டுப் போனைக் கிற்றாரிடம் பிடித்துப் பார்த்து, சுருதி குறைவு, கொஞ்சம் முறுக்கினால் சரி என்கிறார்கள். எனக்குத் தெரியாதா? மறுகா பாப்பம் என்று சொல்லிவிட்டுப் போனவன் வந்து பார்க்கட்டும், இல்லையென்றால் கொண்டுபோனவர்கள் வந்து பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்தக் கம்பியில் ஒருவரும் கைவைக்க வேண்டாம்.