சரசக்கா சுற்றிய இரும்புத்திரி

நான் மிசிசாகாவில் வேலையில் நின்றபோது குணம் அண்ணை போன் எடுத்தார். "சரசு போயிட்டாள், தம்பி" என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சுக்காகத்தான் அவர் மனைவி சரசக்கா இத்தனை வருடம் பாடுபட்டார். அக்காவை அறிந்து இதை வாசிக்கும் உங்களுக்கு அது தெரியும்.

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்கள் இரு வீடுகளுக்கும் இடையில் ஒரு சுவர்தான். ஊரில் போர் முடிந்த வைகாசியில், அங்கிருந்த அண்ணையின் கூடப்பிறந்தவனைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அண்ணை பல்கனியில் நின்று ஒரு சிகரெட் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பார். இனியும் பிடித்தால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "தேடுறதுக்கு ஒராள் போதும். உங்களையும் சேத்துத் தேட என்னாலை ஏலாது" என்று அக்கா சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது.

இரண்டொரு வருடம் கழித்து நான்தான் ஒரு வேப், புகைக்குப் பதில் ஆவி இழுக்கும் மின்சிகரெட், வாங்கிக் கொடுத்தேன். திரியை நாமே செய்யும் வகை. துணிபோல மெல்லிய எவர்சில்வர் வலையை உருட்டி, அதன் தலையில் கம்பியைச் சுற்ற வேண்டும். திரி உறிஞ்சும் வாசத் திரவத்தைக் கம்பி சுட்டு ஆவியாக்கும். அண்ணைக்குக் கை நடுக்கம். "திரிதானே, கொண்டாங்கோ" என்று அக்கா வாங்கி, வெள்ளிக்கிழமை விளக்குத் திரியைப்போலவே உள்ளங்கையில் இறுக்கி முறுக்கினார். கேட்பானேன்! திரவம் ஏறவில்லை. அண்ணை வெறும் கருகலை இழுத்து இருமினார். நேரே சிகரெட் பெட்டியைத் தேடிப் போனார்.

அக்கா விடவில்லை. சுடாத வலையில் கம்பி பட்டால் கரண்ட் வலையோடு ஓடிவிடும், கம்பி சூடேறாது என்று நான் சொல்லியிருந்தேன். மறுநாள் வலையைக் குறட்டால் பிடித்து காஸ் லைட்டர் நெருப்பில் காட்டினார். வெளியே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வலை பொன்னிறமாகி, ஊதாவாகி, மயில்கழுத்து நீலத்துக்கு வந்தது. மூவரும் கனவில் நிற்பவர்களைப்போல நின்றோம். அக்கா அதை ஒரு தடித்த ஊசியில் உருட்டி, ஊசியை உருவினார். "நடுவிலை இடம் விடவேணும். இறுக்கினா ஒண்டும் ஏறாது."

அண்ணை பல்கனிக்குப் போய் இழுத்தார். மாம்பழ வாசத்தோடு ஆவி பனிக்குள் போனது. எது பனி, எது ஆவி என்று தெரியவில்லை. அதன் பிறகு சிகரெட் மெல்லக் கழன்றது. வெள்ளிதோறும் அக்கா இரண்டு திரி செய்வார். "சாமிக்கு ஒண்டு, ஆசாமிக்கு ஒண்டு" என்பார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த பின்னேரம் அண்ணை என் கதவைத் தட்டினார். ஒரு கையில் வலைத்துண்டும் அக்காவின் ஊசியும். மறுகையில் யாரோ கொடுத்த சிகரெட்.

"அவள் சுத்தின கடைசித் திரி கருகிப்போச்சு. உனக்கு ஏலுமெண்டா சுத்தித் தா. இல்லாட்டி இந்தச் சிகரெட்டைப் பத்தப்போறன்."

வலையைச் சுட்டேன். அந்த நீலம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசியோடு சேர்த்து இறுக்கிவிட்டேன்.

"இறுக்காதை. இடம் விடு" என்றார் அண்ணை.

அது யாருடைய சொல் என்று இருவருக்கும் உறைத்தது. அவர் சிகரெட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஊசி இப்போது என்னிடம். அக்காவின் வெள்ளிக்கிழமையில் பாதியும் என்னிடம் வந்திருக்கிறது. சாமிக்கு யார் திரி வைக்கிறார்களோ தெரியாது. ஆசாமிக்கு நான் சுற்றுகிறேன்.